பிரித்து அனுப்பிய கம்பளி

சாமுவேலு,

பேனாவை எடுத்ததும் 'கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு' என்று கை தன்பாட்டுக்கு எழுதப் போனது. நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் அப்படித்தானே தொடங்கும். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தைகளை எழுத இன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்துப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுத வரவில்லை, பார்.

வெள்ளிக்கிழமை நீ ரேணிகுண்டாவில் ரயில் ஏறி, மெட்ராஸ் போய், அங்கிருந்து டேராடூன் போகிறாய் என்று உன் மாமனார் சொன்னார். "நான் போறப்ப வராதம்மா" என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. வரமாட்டேன். ஆனால் அவர் கையில் ஒரு பொட்டலம் வரும். அதில் இருப்பது உன் ஸ்வெட்டர். பார்த்ததும் தூக்கி எறியத்தான் உனக்குத் தோன்றும். எனக்குத் தெரியாதா உன்னை? எறிவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. அந்த ஸ்வெட்டரை நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் என்ன ஆனது என்பது போன மாதம் வரைக்கும் எனக்கே தெரியாது.

முதல் தடவை டேராடூன் படிப்புக்கு உன் பெயர் வந்த நாள் நினைவிருக்கிறதா? காட்டு இலாகாவில் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. திருப்பதி மலையடிவாரத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, முட்டிவரை செம்மண்ணோடு அடுப்படியில் நின்றாய். "அம்மா, அங்க பனி பேயுமாம்மா!" என்றாய். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. சித்தூர் வெயிலில் வளர்ந்த பிள்ளை பனியில் என்ன செய்யும்? அன்றைக்கே பெட்டியைத் திறந்து, நம் மிஷன் மிஸ்ஸியம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப்போன வெள்ளைக் கம்பளி நூலை வெளியே எடுத்தேன். யுத்த காலத்தில் மாதர் சங்கத்தில் உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் காக்கிக் காலுறையும் மப்ளரும் பின்னிப் பின்னி எங்கள் எல்லாருக்கும் கை பழகியிருந்தது. ஆனால் மிஸ்ஸியம்மா போட்டிருந்த மாதிரி ஒரு ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. உடம்பை ஒரு குழாயாகக் கீழிருந்து பின்னிக்கொண்டு வந்து, கைகள் இரண்டையும் அதோடு சேர்த்து, அப்புறம் தோளிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே வட்டமாகப் பல நிறத்தில் பின்னுவது. அந்த வட்டத்தில்தான் வேலைப்பாடு முழுதும் இருக்கும். அவருடையதில் அவர் ஊர்ப் பனியும் ஊசியிலை மரமும் இருந்தன. நான் கண்ணால் காணாத மரத்தை என் பிள்ளை தோளில் ஏன் போட வேண்டும்? நம் மலையைப் போடுவோம் என்று முடிவு செய்தேன். தோளில் செம்மரங்கள், அதற்கு மேலே பச்சை. மேலே போகப் போகப் பின்னல் கண்ணிகள் குறைந்து வட்டம் சிறுத்துக்கொண்டே வரும் அல்லவா, அங்கே கழுத்தைச் சுற்றி வெள்ளை வானம். "வானத்துல இன்னா போடட்டும்?" என்று கேட்டேன். நீ யோசிக்கவேயில்லை. "பூநாரைம்மா" என்றாய்.

சூளூர்பேட்டையில் உங்க நைனா ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது உனக்கு ஆறு வயது. ஒரு கிறிஸ்மஸ் லீவில் மாட்டு வண்டி பிடித்து ஏரிக்கரைக்குப் போனோம். உங்க நைனா வண்டியிலேயே தூங்கிவிட்டார். நீயும் நானும் மட்டும் சேற்றில் இறங்கி நடந்தோம். தூரத்தில் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ வரிசைகட்டி நின்றது. நீ கையைத் தட்டினாய். அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பின, ரெக்கையின் உள்பக்கம் முழுக்க இளஞ்சிவப்பு. நீ வாயைப் பிளந்துகொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாய். "அம்மா, உள்ள ஒளிச்சி வெச்சிக்கினு இருந்துதும்மா!" என்றாய். அடுத்த வருஷம் உங்க நைனா போய்ச் சேர்ந்தார். நாம் சித்தூருக்கு வந்து, நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். துக்கம் வந்தபோதெல்லாம் நாம் இரண்டு பேரும் அந்தப் பூநாரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டோம். வேறு யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. நீயும் சொல்லமாட்டாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நிறத்துக்கு எங்கே போவது? கடையில் வெள்ளையும் காக்கியும் தவிர ஒன்றும் கிடைக்காத காலம். நகரியில் தறிக்காரர்களுக்கு நூல் சாயம் போடுகிற முனிரத்தினத்தைப் பற்றி நீதான் விசாரித்து வந்தாய். செம்மரம் அறுக்கிற இடத்தில் விழுந்த தூளை ரேஞ்சரிடம் கேட்டு வாங்கி ஒரு பை நிறையக் கொண்டுபோனாய். அவர் பருத்திச் சாயத்தில் கெட்டிக்காரர், கம்பளியைத் தொட்டதே இல்லை. பருத்தியைப்போலவே அதையும் கொதிக்கவைத்து, சுடச்சுட எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி, கல்லில் அடித்திருக்கிறார்கள். ஒரு சிட்டம் நூல் முழுசும் இறுகி, முறுக்கிய கயிறுபோல ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாளே உன்னோடு பஸ் ஏறி நகரிக்கு வந்தேன்.

அன்றைக்குத்தான் நான் அவர் மகள் அலமேலுவைப் பார்த்தேன். அதுதான் முதல் தடவை, அதுவே கடைசி. முழங்கை வரைக்கும் சாயக் கையோடு வந்து எதிரே நின்றாள். அவள் அப்பா வாயைத் திறப்பதற்குள், "தப்பு என்னிதுதான் டீச்சரம்மா. இது மயிருன்னு எனக்குத் தோணல, நூலுன்னு நெனச்சிட்டேன். நைனாவத் திட்டாதீங்க" என்றாள். நான் இருந்த கோபத்தில் அவளை என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "சட்டியிலயே ஆறவுட்டா இறுகாது இல்ல? அப்டியே வுட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்க வந்த விஷயத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். படிகாரம் போட்டுச் சிவப்பு எடுத்தாள், மாதுளந்தோலிலும் அவுரியிலும் முக்கிப் பச்சை எடுத்தாள். எல்லாம் நன்றாகவே வந்தது. இளஞ்சிவப்புக்கு மட்டும், சிவப்பெடுத்து மிச்சமான சாயத்தண்ணீரில் முக்குவதும், வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பதும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி முக்குவதுமாக இருந்தாள். "போதும்மா, ரோஸ்தானே" என்றேன். அவள் என்னைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "இல்ல டீச்சரம்மா. அது தண்ணியில நிக்கறப்ப வேற ரங்கு, ரெக்கைய விரிச்சா வேற ரங்குன்னு அவுரு சொன்னாரு. விரிச்ச ரங்குதான் வேணும்."

சாமுவேலு, என் வயிற்றில் அப்போது எரிந்ததை என்னவென்று எழுதுவேன்? நமக்குள் மட்டும் இருந்த ஒன்றை நீ அவளிடம் கொடுத்துவிட்டாய் என்று எரிந்தது. அவள் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தாளே என்று இன்னும் எரிந்தது. நீ அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று வந்து நின்றபோது, சபை என்ன சொல்லும், வேறு மதம், வேறு சனம் என்று நான் பேசியதெல்லாம் வெறும் பேச்சு. போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "பொறுமையாயிருங்கள், பெண் வீட்டார் நல்ல மனுஷர்" என்றுதான் சொன்னார். முனிரத்தினமும் எந்த நிபந்தனையும் போடவில்லை. உனக்கும் அவளுக்கும் குறுக்கே நின்றது நான் ஒருத்திதான், காரணம் அந்தப் பொறாமை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என்றாலும் எழுதுகிறேன்.

நடுவில் ஒரு நல்ல நாளும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். தோள்வட்டத்தை ஒரு தடவை முடித்து உன் தலைவழியே மாட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து, "அம்மா, இருட்டா கீதும்மா! நான் ஊருக்கே போவல, வுட்டுடு!" என்று கத்தினாய். ஒரே வரிசையில் இரண்டு நிறம் பின்னும்போது ஒரு நூல் முன்னால் வேலை செய்யும், மற்றது பின்பக்கம் சும்மா ஓடிவரும். ஓடிவருகிற நூலைத் தளர விட வேண்டும். எனக்குத்தான் எதையும் இறுக்கிப் பிடித்தே பழக்கமாயிற்றே! உன்னை வெளியே இழுத்து எடுத்தபோது உன் காது இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மறுபடி பிரித்து, தளர்த்திப் பின்னி, கழுத்தில் பூநாரைகளைச் சுற்றவிட்டு முடித்தேன். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது. அந்த வாரமே நீ அலமேலுவைப் பற்றிச் சொன்னாய். "அவளக் கட்டினா இந்த வாசப்படி மிதிக்காத" என்றேன். நீ குரலை உயர்த்தக்கூட இல்லை. "சரிம்மா. நீ எப்ப கூப்பிட்றியோ அப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். டேராடூனுக்கும் அந்த வருஷம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

நாராயணவனத்தில் உனக்குக் கல்யாணம் நடந்த அன்று நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஸ்வெட்டரை எடுத்தேன். தோள்வட்டம்தான் கடைசியாகப் பின்னுவது, ஆகையால் பிரிக்கும்போது அதுதான் முதலில் அவிழும். கழுத்து முடிச்சை வெட்டி நூலை இழுத்தேன். பூநாரைகள் போயின, பச்சை போயிற்று, செம்மரங்கள் போயின. இரண்டு தடவை பின்னிய வட்டம் ஒரு மணி நேரத்தில் போயிற்று. மிச்சமிருந்த வெள்ளைக் கண்ணிகள் அவிழாமல் ஒரு சணல் கயிற்றில் கோத்துப் பெட்டியில் வைத்தேன். வெள்ளை நூல் என்னுடையது, வைத்துக்கொண்டேன். அவள் சாயம் போட்ட மூன்று நிறத்தையும் தனித்தனி உருண்டையாகச் சுற்றி, பழைய பேப்பரில் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து நகரிக்கு அனுப்பினேன். ஒரு வரி எழுதவில்லை. உன் நிறம் எனக்கு வேண்டாம் என்று அவளுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். தாலி கட்டிய மறுநாள் அந்தப் பெண் அதைப் பிரித்திருக்கிறாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம். நீ திருப்பதியில், நான் சித்தூரில். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். ஒரு வியாழக்கிழமை உன் கார்டு வந்தது. 'அலமேலுவுக்குக் காலெல்லாம் வீக்கம், ஜுரமும் இருக்கிறது. உன்னைக் கேட்கிறாள். வந்துவிட்டுப் போ.' நான் உடனே ஓடி வந்தேனா? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு நடத்த வேண்டும் என்றேன். நடுவில் சனிக்கிழமை இருந்தது. பஸ்ஸும் இருந்தது. இரண்டு நாள் காத்திருக்கட்டுமே என்ற வீம்புதான் என்னை உட்காரவைத்தது. திங்கட்கிழமை புறப்பட்டேன். பிள்ளை பெற்றதும் கொடுக்கிற லேகியம் கிளறி எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு என்று பழைய மல் சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டு வாசலில் நீ தனியாக நின்றுகொண்டிருந்தாய். "வந்துட்டியாம்மா" என்றாய். "நேத்து காலைல பூட்சிம்மா. ரெண்டு உசுரும். அவ வாசலையே பாத்துக்கினு இருந்தா." நீ என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நீ என் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். பிள்ளையை எதில் சுற்றி அடக்கம் செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் நீ மறுபடி டேராடூனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாய் என்று தெரிந்ததும், நகரிக்குப் போய் முனிரத்தினம் எதிரில் நின்றேன். துரத்துவார் என்று எண்ணித்தான் போனேன். பலகையைத் துடைத்துப் போட்டு, "குந்துங்க டீச்சரம்மா" என்றார். முதலில் உன்னைப் பற்றித்தான் பேசினார். "அங்கல்லாம் ரொட்டிதான் துன்னணுமாம். புள்ள எப்டி இருக்கப்போவுதோ" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. அந்த நூல் பொட்டலத்தைப் பற்றி நானே பேச்செடுத்து, அதை என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"வந்த அன்னிக்கே வூட்ல எல்லாருக்கும் காட்டிச்சி. 'அத்தை அனுப்பிச்சிருக்காங்க நைனா. பொறக்கப்போற புள்ளைக்கு ஆவட்டும்னு அனுப்பிச்சிருக்காங்க'ன்னு சொல்லிச்சி. வளையல் போட இங்க வந்தப்ப, தறியில குந்தி, பருத்திப் பாவுல அந்தச் செவப்பையும் பச்சையையும் குறுக்க வுட்டு ஒரு சின்னப் போர்வ நெய்ஞ்சிச்சி. புள்ளைய அதுலதான் சுத்திப் பொதைச்சாரு மாப்ள" என்றார்.

நான் முட்டாள்தனமாக, "அவளுக்கு அப்ப நான் பிரிச்சு அனுப்பினது தெரியவே தெரியாதா?" என்று கேட்டேன். எனக்கு அந்த ஒரு ஆறுதலாவது வேண்டியிருந்தது.

"சாயம் போட்ட கை அதுதானம்மா. பிரிச்ச நூலு நெளிநெளியா இருக்கும், அதுக்குத் தெரியாதா? தண்ணியில நனைச்சி, கல்லு கட்டித் தொங்கவுட்டு நேராக்கினதே அதுதான். தெரிஞ்சிதான் அப்டி சொல்லிச்சி. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு."

அப்புறம் எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே இளஞ்சிவப்பு உருண்டை, நான் சுற்றி அனுப்பியபடியே இருந்தது. "இத்த மட்டும் தொடல. 'இந்த ரங்கு அத்தையும் அவுரும் பாத்தது, என்னிது இல்ல. அத்தை என்னிக்காவது கேட்டுக்கினு வருவாங்க, குடுத்துடு நைனா'ன்னு சொல்லி வெச்சிட்டுப் போச்சி" என்றார். அந்தச் சாயப்பட்டறையில், ஆளுங்க பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். ஐயோ, அந்தப் பெண் என்னை அத்தை என்று கூப்பிட ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் இடம் கொடுக்கவில்லையே!

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, சணல் கயிற்றிலிருந்து கண்ணிகளை ஊசிக்கு ஏற்றினேன். பின்பக்க நூலை இந்தத் தடவை நன்றாகத் தளர விட்டிருக்கிறேன். வியர்த்த கையில் கம்பளி ஒட்டுகிறது, பார்வையும் முன்போல் இல்லை, சாளேசுரம் வந்துவிட்டது. இருபது நாள் ஆயிற்று. தோளில் செம்மரமும் பச்சையும் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். மலை இருந்த இடம் முழுவதையும் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். கழுத்தைச் சுற்றிப் பூநாரைகள் மட்டும் பறக்கின்றன, விரித்த ரெக்கையோடு. வேறு சாயம் வாங்கிப் போடலாம் என்று முனிரத்தினம் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

தூரதேசம் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு என்ன யோக்கியதை? என்றாலும் நான் தவறிய இடங்களை மட்டும் சொல்கிறேன். யாராவது 'வந்துவிட்டுப் போ' என்று ஒரு வரி எழுதினால், கட்டிய துணியோடு புறப்பட்டுப் போ. யாராவது ஆசையாய்ச் செய்து கொடுத்ததைக் கோபத்தில் திருப்பி அனுப்பாதே. உனக்கு வயது இருபத்தைந்துதான். என்றைக்காவது இன்னொரு பெண் மேல் மனம் போனால் போகட்டும், அதில் பாவம் ஒன்றுமில்லை. அவளிடம் அலமேலுவைப் பற்றிச் சொல். பூநாரையைப் பற்றியும் சொல். அது எனக்கும் உனக்கும் மட்டும் என்று இனிமேல் நான் உரிமை கொண்டாடமாட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு காட்டுக்குள் போகாதே. மாதம் ஒரு கார்டு உன் மாமனாருக்குப் போடு, அவருக்கும் வேறு யாரும் இல்லை. எனக்குப் போடுவதும் போடாததும் உன் மனசு.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். கழுத்தை நான் முடிச்சுப் போட்டு முடிக்கவில்லை. கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டியிருக்கிறேன். என் கையால் பின்னியது உன் உடம்பில் பட வேண்டாம் என்று தோன்றினால், ஊக்கைக் கழற்றிவிட்டு நூலை இழு. என் வேலை எல்லாம் அவிழ்ந்து போய்விடும், அவள் நிறம் அறுபடாமல் உன் கையில் உருண்டையாக மிஞ்சும். அதை வைத்துக்கொள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். குளிர் தாங்க முடியாமல் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தால், ஊக்கை எடுத்துவிட்டுக் கண்ணிக்குள் நுனியை விட்டு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள். சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலுறைக்குப் போட்டிருக்கிறாய், உனக்குத் தெரியும். அந்த முடிச்சை நான் போடக் கூடாது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அலமேலுவின் அத்தை